பிதிராசன்

பண்டை இலங்கை வேந்தர்க்கு வழங்கிய அடைப்பெயர்கள் அவரவர் வாழ்வை ஒரு சொல்லில் அடக்கிக் காட்டுவன. தேவர்க்கு உகந்தவன் என்னும் பொருள்படத் தேவானாம்பிய திஸ்ஸன் என்றனர் ஒருவனை. தந்தை சொல்லை மீறிய காமணியைத் துட்டகாமணி என்றனர். கள்வனைப் போலக் காடுகளில் அலைந்து பின்பு அரசெய்திய நாகனைச் சோரநாகன் என்றனர். இவ்வரிசையில் தனித்து நிற்கும் பெயர் பிதிராசன் என்பது. பிதா ஆகிய இராசன் என்பது பொருள். இப்பெயரைப் பெற்றவன் வட்டகாமணி அபயன். சிங்கள மக்கள் வலகம்பா என்று இன்றும் வாஞ்சையோடு போற்றும் மன்னன். பெற்ற பிள்ளையைக் கொண்டு இப்பெயர் வந்திருப்பின் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. தமையன் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்று, தமையனை இழந்து நின்ற அண்ணியைத் தன் தேவியாக்கிக் கொண்டமையால் வந்த பெயர் அது.

இவ்வரலாற்றை எழுதத் தூண்டியது புதுக்கடையிலே ஒரு மாலைப்பொழுதில் நிகழ்ந்த உரையாடல். நீதிமன்றங்கள் கலைந்து, கறுப்பு அங்கியைக் கையில் மடித்துக்கொண்டு வழக்கறிஞர்கள் இறங்கி வரும் வேளை. அவர்களுள் ஒருவர் என் பழைய மாணாக்கர். இறந்துபோன தமையனின் மனைவியை மணக்க விரும்பும் ஒருவர் தம்மிடம் ஆலோசனை கேட்டு வந்ததாகவும், சட்டத்தைச் சொல்லிவிட்டாலும் அவர் மனம் ஆறாமல் நம் முன்னோர் இதனை எப்படிக் கண்டனர் என வினவியதாகவும் கூறி, அவ்வினாவை என்பால் திருப்பிவிட்டார். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. முதலில் நினைவுக்கு வந்தவள் கிட்கிந்தையின் தாரை.

வாலி இறந்தபின் தாரை சுக்கிரீவனோடு வாழ்ந்தாள் என்பது வான்மீகியார் காட்டும் கதை. கம்பர் அதற்கு உடன்படவில்லை. மங்கல நாண் இழந்து, கைம்மைக் கோலம் பூண்டு இலக்குவன் முன் வந்து நிற்கும் தாரையை அவர் படைத்தார். அவளைக் கண்ட இலக்குவன் தன் தாயரை நினைந்து கண் கலங்கினான். அண்ணியைத் தாயாக எண்ணும் தமிழ்மரபுக்கு இக்காட்சி ஒரு காப்பு. அம்மரபில் வளர்ந்த நான் வட்டகாமணியின் கதையை இளமையிற் படித்தபோது, அந்தப் பகுதியைச் சற்றே கூச்சத்தோடு கடந்து சென்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. முதுமையில் மீண்டும் படித்தபோதுதான், கடந்து சென்ற இடத்திலேயே அம்மன்னனின் நெஞ்சம் இருந்தது என்று கண்டேன்.

துட்டகாமணியின் தம்பி சத்தாதிஸ்ஸன். அவனுக்கு மைந்தர் நால்வர்: இலஞ்சதிஸ்ஸன், தூலத்தனன், கல்லாடநாகன், வட்டகாமணி. தந்தை இறந்ததும் அமைச்சரும் துறவியரும் கூடித் தூலத்தனனை அரசனாக்கினர். மூத்தவனாகிய இலஞ்சதிஸ்ஸன் பொறாது வந்து அவனை அகற்றித் தானே ஆண்டான். தூலத்தனன் அரசிருந்தது ஒரு மாதமும் பத்து நாளுமே. இலஞ்சதிஸ்ஸனுக்குப்பின் கல்லாடநாகன் 6 ஆண்டுகள் ஆண்டான். அவனை அவனுடைய சேனாபதியே தலைநகரில் வைத்து வஞ்சித்து வீழ்த்தினான். அண்ணன் தம்பியர் ஒருவர் இடத்தை மற்றவர் பறிப்பது வழக்கமாகிவிட்ட இல்லத்தில், கடைசித் தம்பி என்ன செய்வான் என்று அநுராதபுரத்தார் எதிர்பார்த்திருப்பர்? வட்டகாமணி அந்தச் சேனாபதியைக் கொன்று பழிதீர்த்து முடிசூடினான். வழிவழியாகக் கொள்ளும் காலக்கணக்கின்படி அது கி.மு. 103.

அரண்மனையிலே தமையனின் தேவி அநுலை இருந்தாள். அவள் கையில் மகாசூளிகன் என்னும் சிறு மகன் இருந்தான். புது மன்னனுக்கு அச்சிறுவன் ஒரு முள். முன்னை அரசனின் மகன் உயிரோடிருப்பது பின்னை அரசனுக்கு என்றும் அச்சம். உலகச் சரித்திரத்தில் இத்தகைய சிறுவர் எத்தனை பேர் இருட்டறைகளில் மறைந்து போயினர் என்பதைப் படித்தவர் அறிவர். வட்டகாமணி அவனை மகனாக ஏற்றான். அவன் தாயைத் தன் தேவியாக்கினான். மகாவமிசம் இச்செய்தியைச் சொல்லும் முறைவைப்பு நோக்கத்தக்கது. முதலில் மகனைச் சொல்கிறது; பின்பே தாயைச் சொல்கிறது; அதன்பின் தந்தையின் இடத்தில் நின்றமையால் மக்கள் அவனைப் பிதிராசன் என்று அழைத்தனர் என முடிக்கிறது. பெயரைச் சூட்டியவர் மக்கள் என்பதையும் கருதுக. ஊர் வாய் இம்மணத்தைப் பழித்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும்.

இம்மணம் அரசியல் நோக்கத்தால் நேர்ந்தது என்பாரும் உளர். கைம்பெண்ணாகிய அரசியை மணந்து அரியணை உரிமையை வலுப்படுத்துவது அக்கால வேந்தர் வழக்கமே. ஆயினும் வட்டகாமணி சத்தாதிஸ்ஸனின் சொந்த மகன். அரியணை ஏற அவனுக்குப் பெண்வழி உரிமை வேண்டுவதில்லை. மேலும் அவனுக்குச் சோமாதேவி என்னும் மனைவியும் இருந்தாள்.

கைம்பெண்ணைக் கொழுந்தன் மணப்பது பற்றி உலகம் ஒருமனப்பட்டதில்லை. எபிரேயரின் வேதத்தில் ஓரிடம், மகப்பேறின்றி இறந்தவனின் மனைவியைத் தம்பி மணந்து தமையன் பெயரை நிலைநாட்டுக என்று விதிக்கிறது. மற்றோரிடம் உடன்பிறந்தான் மனைவியைத் தீண்டற்க என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கித்தான் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, 1509இல் மணந்த தமையன் மனைவியை 1533இல் விலக்கினான். அந்நாட்டுச் சட்டம் இத்தகைய மணத்தை வெளிப்படையாக ஏற்றது 1921இல். நம் கண்டி நாட்டிலோ, சகோதரர் பலர் ஒருத்தியோடு ஒரே இல்லத்தில் வாழும் வழக்கம் 1859ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இருந்தது. என் மாணாக்கருக்கு இச்செய்திகள் பயன்பட்டிருக்கும். ஆனால் அவரைத் தேடி வந்தவர் கேட்டது சட்டத்தை அன்றே! ஆதலின் அநுலையின் கதைக்கே மீள்வோம்.

முடிசூடிய ஐந்தாம் மாதத்திலேயே இடி விழுந்தது. உரோகணத்தில் திஸ்ஸன் என்னும் அந்தணன் கலகம் விளைத்தான். அதே வேளையில் தமிழ்த் தலைவர் எழுவர் படையோடு மாதோட்டத்தில் இறங்கினர். இரு சாராரும் அரசைத் தமக்குத் தருமாறு ஓலை விடுத்தனர். எழுவரை முதலில் வென்று நாட்டை எடுத்துக்கொள்க என்று வட்டகாமணி திஸ்ஸனுக்குச் சொல்லியனுப்ப, அவன் அதை நம்பிப் போரிட்டுத் தோற்றான். பின்னர் எழுவரும் அரசன்மேல் வந்தனர். கோளம்பாலகம் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் வட்டகாமணி தோற்று ஓடினான். ஓடும் வழியில் ஒரு சமண ஆச்சிரமம். அதன் வாயிலில் நின்ற கிரி என்னும் நிகண்டத் துறவி, கரிய பெருஞ்சிங்களவன் ஓடுகின்றான் என்று உரக்கக் கூவி எள்ளினான். அச்சொல்லை மன்னன் மறக்கவில்லை. நினைத்தது கைகூடினால் இவ்விடத்தில் ஒரு விகாரை எடுப்பேன் என்று தேரில் ஓடிக்கொண்டே உறுதிபூண்டான்.

இத்தேரிலேதான் இக்கதையின் உயிர்நிலை இருக்கிறது. தேரில் அநுலை இருந்தாள், அவள் கருவுற்றிருந்தாள். அக்கரு தமையனதோ தம்பியினதோ என ஆராய்வது நம்போன்றார் தொழில். மன்னன் அந்த வேற்றுமையை மகாசூளிகனைத் தழுவிய அன்றே அழித்துவிட்டான். சிறுவன் மகாசூளிகன் இருந்தான். மகாநாகன் என்னும் மற்றொரு சிறுவனும் இருந்தான். சோமாதேவியும் இருந்தாள். பகைவர் பின்தொடர்கின்றனர், குதிரைகள் களைத்துவிட்டன, பாரம் குறைந்தாலன்றித் தேர் செல்லாது. யாரை இறக்குவது?

சூல்கொண்டவளை இறக்க இயலாது. சிறுவர்களை இறக்க இயலாது. சோமாதேவியின் இசைவோடு அவளை மன்னன் இறக்கினான் என்கிறது மகாவமிசம். இறக்கும்போது தன் முடியில் அணியும் சூடாமணியை அவள் கையிற் கொடுத்தான். கொடுத்தவன் மனத்தில் ஓடியது யாது, வாங்கியவள் மனத்தில் ஓடியது யாது என்று அந்த நூல் கூறவில்லை. இசைவோடு என்னும் ஒரு சொல்லை மட்டும் வைத்துவிட்டு அப்பாற் செல்கிறது. அச்சொல்லின்மேல் எத்தனை நாள் நின்றாலும் தகும். பின் வந்தவளையும் அவள் பிள்ளையையும் காக்கும்பொருட்டு முன் வந்தவள் நிலத்தில் இறங்கினாள். அன்பினாற் செய்த ஒரு நற்செயலுக்கு உரிய விலையைச் செய்தவன் கொடுக்கவில்லை, அருகிலிருந்தவள் கொடுத்தாள்.

கடம்ப மலர்ப் புதர் ஒன்றில் சோமாதேவி ஒளிந்தாள். எழுவருள் ஒருவன் அவளைக் கண்டு வேட்கைகொண்டு, அவளைக் கைப்பற்றியதே போதும் என்று அக்கரைக்குக் கப்பலேறினான். மற்றொருவன் புத்தபிரானின் பிக்ஷா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினான். எஞ்சிய ஐவர் அநுராதபுரத்தில் அரசு வீற்றிருந்தனர்: புலகத்தன், பாகியன், பணயமாறன், பிளயமாறன், தாட்டிகன். மாறன் என்னும் பெயர் பாண்டியர்க்கு உரியதாதலின் இவர் பாண்டி நாட்டினர் என அறிஞர் கருதுவர். தமிழர் என்பதற்காக நாம் இவர்களைப் புகழவேண்டுவதில்லை. ஒருவனை மற்றொருவன் கொன்றே நால்வர் அடுத்தடுத்து ஏறினர். ஐவரும் ஆண்ட காலம் 14 ஆண்டும் 7 மாதமும். நாட்டில் கொடும்பஞ்சமும் வந்தது. துறவியர் பலர் கடல் கடந்தனர்.

மன்னனோ வெஸ்ஸகிரிக் காட்டில் மறைந்து திரிந்தான். குபிக்கல மகாதிஸ்ஸர் என்னும் தேரர் அவனைக் கண்டு தமக்குக் கிடைத்த பிச்சையுணவைப் பகிர்ந்தளித்தார். உண்டு பசி தணிந்த மன்னன், எழுத வேறு ஏடு இன்மையால் ஒரு தாழை மடலில் அவர் விகாரைக்கு நிலம் எழுதிக் கொடுத்தான். ஆளும் நிலம் ஓரடியும் இல்லாதவன் எழுதிய நிலக்கொடை அது! நம் மாதவி தாழை மடலில் எழுதிய ஓலை பயன்படாது போயிற்று. இவன் எழுதிய மடல் பின்னாளிற் பலித்தது.

அத்தேரரே மன்னனை மலைய நாட்டில் தனசிவன் என்னும் தம் அடியவனிடம் ஒப்புவித்தார். தன் குடிமகன் ஒருவன் வீட்டில், அவன் இட்டதை உண்டு, வட்டகாமணி 14 ஆண்டுகள் வாழ்ந்தான். சிறுவர் இருவரும் இளைஞராயினர்.   அநுலையின் வாழ்நாளில் 14 ஆண்டுகள் பிறர் வீட்டு முற்றத்திற் கழிந்தன. அவள் கையிற் கூடை இருந்தது என்று அறிகிறோம். ஏனெனில், தனசிவன் மனைவி ஒருநாள் அவளோடு பிணங்கி அக்கூடையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். பிறர் சோற்றில் வாழ்வோர்க்கு நேரும் இழிவுகள் எல்லாம் அந்த உதையில் அடங்கியுள்ளன.

அநுலை அழுதுகொண்டு மன்னனிடம் ஓடினாள். செய்தியறிந்த தனசிவன் வில்லை எடுத்துக்கொண்டு வந்தான். மன்னன் தேவியையும் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, எதிரே வந்த தனசிவனை அம்பெய்து கொன்றான். 14 ஆண்டுகள் சோறிட்டவனைக் கொன்றமை குற்றமே. செய்ந்நன்றியின் மேன்மையை மாணாக்கர்க்குக் கற்பித்து வந்த நான் அதற்கு அமைதி கூறப் புகேன். வில்லோடு வந்தவன் அவன் என்பது ஒன்றே மன்னன் சார்பில் சொல்லத்தக்கது. எனினும் இது நோக்குக: தன் நாட்டைப் பிறர் ஆளும் செய்தி கேட்டு 14 ஆண்டுகள் அடங்கியிருந்தவன், அண்ணியாக வந்து மனைவியானவளின் கண்ணீரைக் கண்டதும் அந்நொடியே வில்லை வளைத்தான். மறைந்து வாழ்ந்தது அன்றோடு முடிந்தது. தன் பெயரை வெளிப்படுத்திப் படை திரட்டலானான்.

இடையில் தன் முன்கோபத்தால் படைத்தலைவன் ஒருவனைக் கொன்று மற்றவரை இழந்ததும், தேரர் நடுநின்று மீண்டும் இணைத்ததும் நீளக் கதை, அதை விடுப்போம். தாட்டிகனை வென்று வட்டகாமணி அநுராதபுரத்தை மீட்டது கி.மு. 89. எள்ளிய கிரியின் ஆச்சிரமத்தை இடித்து, அவ்விடத்தில் அபயகிரி விகாரையை எடுத்து, பசியாற்றிய மகாதிஸ்ஸ தேரருக்கு அளித்தான். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் பாகியன் அங்கே 5,000 துறவியர் இருந்தனர் என எழுதினார். (ஐவருள் ஒருவனாகிய பாகியன் வேறு.) வாய்மொழியாக வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றதும் இம்மன்னன் காலத்திலேயே, எழுதிய இடம் மாத்தளை அலுவிகாரை என்பது மரபு. மகாவமிசத்தை இயற்றியோர் அபயகிரியோடு பிணங்கிய மகாவிகாரையைச் சார்ந்தவர். ஆயினும் இம்மன்னனின் இல்வாழ்வைப் பற்றி அவர்கள் ஒரு பழிச்சொல்லும் எழுதவில்லை.

மன்னன் அடுத்துச் செய்தது இதனினும் அரியது. அக்கரைக்கு ஆளனுப்பிச் சோமாதேவியை வருவித்தான். வேற்றானால் கொண்டுபோகப்பட்டு 14 ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்தவளை அந்நிலையில் ஏற்காத வேந்தர் பலர். இராம காதையிலேயே அதற்குச் சான்று உண்டு. வட்டகாமணி தீக்குளிக்கச் சொல்லவில்லை. பழைய தேவிப் பதவியை அவளுக்கு மீண்டும் அளித்தான். அவள் ஒளிந்திருந்த கடம்பப் புதரை அவளே காட்ட, அவ்விடத்தில் அவள் பெயரால் சோமாராமம் என்னும் விகாரையை எழுப்பினான். தேரிலிருந்து அவள் இறங்கியதை நாடு அறியும்படி கல்லால் எழுதி வைத்தான் என்று கொள்ளலாம். அநுலையின் பெயரால் இத்தகைய விகாரை எதனையும் மகாவமிசம் குறிப்பிடவில்லை. அவளுக்கு அவன் அளித்தது வேறு.

மீண்டும் 12 ஆண்டுகள் ஆண்டு வட்டகாமணி கி.மு. 77இல் இறந்தான். அவனுக்குச் சொந்த மகன் ஒருவன் இருந்தான். எனினும் அரியணை ஏறியவன் மகாசூளி. கல்லாடநாகனின் மகன், அநுலை கையிற் பிடித்துவந்த சிறுவன். பிதிராசன் என்னும் பெயர் வெறும் புகழ்ச்சி அன்று என்பது அன்றுதான் மெய்யாயிற்று. சொந்த மகன் இதைப் பொறுக்கவில்லை. கலகக்காரனாய்க் காட்டில் அலைந்தான். முதலிற் சொன்ன சோரநாகன் அவனே. மகாசூளி இறந்தபின் அவன் வந்து 12 ஆண்டுகள் ஆண்டு, தனக்குப் புகலிடம் தர மறுத்த விகாரைகளை அழித்து, ஈற்றில் தன் மனைவி இட்ட நஞ்சால் மாண்டான். அந்த மனைவியின் பெயரும் அநுலை என்பது விதியின் விளையாட்டு. மாணாக்கர் இவ்விருவரையும் ஒருத்தியாக மயங்குவதைத் தேர்வுத்தாள்களில் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். பின்னர் நாட்டை மீட்டு நிலைபெறச் செய்த குடகண்ணதிஸ்ஸன் மகாசூளியின் மகன். ஆகவே அநுராதபுரத்தில் தொடர்ந்தது கல்லாடநாகன் குலமே.

மகாசூளி 14 ஆண்டுகள் ஆண்டான். தன் கையால் உழைத்து ஈட்டியதைத் தானஞ்செய்வதே மேலானது என்று கேட்டறிந்த அவன், ஆரும் அறியாதவாறு வயலில் இறங்கிக் கூலியாளாய் நெல்லரிந்து, அக்கூலியைக் கொண்டு தேரர் ஒருவருக்கு உணவளித்தான். அதன்பின் 3 ஆண்டுகள் கரும்பாலை ஒன்றில் வேலைசெய்து, கூலியாகப் பெற்ற வெல்லக் கட்டிகளைத் தலைநகருக்குக் கொண்டுவந்து துறவியர்க்கு வழங்கினான். அரசர் வேறெவரும் இவ்வாறு செய்ததாக நான் படித்ததில்லை. ஆனால் அவன் வளர்ந்தது தனசிவன் வீட்டில். தாயின் கூடை கவிழ்ந்த அன்று அவன் அருகிலேயே இருந்தான்.